சம்பிரதாயம்னா என்னம்மா?

குழந்தைகள் சில சமயம் கேட்கிற கேள்வி இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல், "போ, போய்ப் படி!" என்று விரட்டி விடுகிறோம். என் பெண் ஆறு வயதில் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டாள். அதற்கான பதில் எனக்கு முழுசாகப் புரிய இருபது வருஷம் பிடித்தது.

1984-ஆம் வருஷம், தை மாதம். மாம்பலத்தில் எங்கள் மாமனார் வீட்டில் ராதா கல்யாணம். வருஷா வருஷம் நடக்கிற உற்சவம்தான். பழைய காலத்து வீடு, பெரிய கூடம். முதல் நாள் சாயந்திரமே பாகவதர்கள் வந்து விடுவார்கள். தோடய மங்களத்தில் ஆரம்பித்து, குரு தியானம், ஜயதேவர் அஷ்டபதி, நாராயண தீர்த்தர் தரங்கம், பத்ராசல ராமதாஸர், புரந்தரதாஸர், சதாசிவ பிரம்மேந்திரர், தியாகராஜர் என்று வரிசையாகப் போகும். ராத்திரி பூஜைக்கப்புறம் திவ்யநாமம். கூடத்தின் நடுவே பெரிய குத்துவிளக்கை ஏற்றி வைத்து, பாடிக் கொண்டே அதைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். மறுநாள் காலை உஞ்சவிருத்தி, அப்புறம் கல்யாணம். இரண்டு நாளும் அடுப்பு அணையாது. எனக்கு இடுப்பு ஒடிந்து விடும்!

அந்த வருஷம் என் அம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். அம்மா பிறந்தது கும்பகோணத்துப் பக்கம். போதேந்திராள் அதிஷ்டானம் இருக்கிற கோவிந்தபுரம், ஸ்ரீதர ஐயாவாள் இருந்த திருவிசநல்லூர், சத்குரு ஸ்வாமிகளின் மருதாநல்லூர், மூன்றுமே அந்த வட்டாரம்தான். பஜனை சம்பிரதாயத்துக்கு மும்மூர்த்திகள் என்று இந்த மூன்று பேரையும்தான் சொல்வார்கள். என் தாத்தா பஜனை கோஷ்டியில் பாடினவர். திண்ணையில் அவர் பாடப் பாட, உள்ளே கோலமாவு இடித்துக் கொண்டே அம்மா அத்தனையையும் பாடம் பண்ணி விட்டாள். தாத்தா கைப்பட எழுதின நோட்டுப் புத்தகம் ஒன்றும் அவளிடம் இருந்தது. தெலுங்குக் கீர்த்தனை, கன்னடப் பதம், மராத்தி அபங்கம், எல்லாம் தமிழெழுத்தில். ஓரத்தில் ராகமும் தாளமும் குறித்திருக்கும்.

அப்பா 1976-இல் காலமாகி விட்டார். அதற்கப்புறம் அம்மா எங்கேயும் முன்னால் வந்து உட்கார்ந்ததில்லை.

அம்மா வந்து இறங்கின அன்று மத்தியானம், நான் அவளைச் சமையலுள்ளுக்குக் கூட்டிக் கொண்டு போய்ச் சொன்னேன். இப்போது எழுதும்போதுகூடக் கை கூசுகிறது.

"அம்மா, சாயந்திரம் நிறைய சுமங்கலிகள் வருவா. நீ இங்கேயே இருந்துக்கோயேன்... கூடத்துக்கு வர வேண்டாம். தப்பா நினைச்சுக்காதே. சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்கே."

அம்மா என்னைப் பார்த்தாள். உடனே சிரித்து விட்டாள். "அதுக்கென்னடி, எனக்குத் தெரியாதா? தேங்காய் துருவணுமே, அருவாமணையை எடு."

அவ்வளவுதான். எனக்கும் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சம்பந்தியாத்தில் யாரும் ஒரு வார்த்தை சொல்லி விடக் கூடாதே, அம்மாவுக்கு அவமானமாகி விடக் கூடாதே என்பதுதான் என் பயம். அம்மாவின் நன்மைக்குத்தான் செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் திவ்யநாமம். ஜால்ரா சப்தமும் மிருதங்கமும் கூடத்தை நிறைத்தது. நான் ஒரு தூணோரமாக நின்று கொண்டிருந்தேன். என் பெண் ஓடி வந்து புடவைத் தலைப்பை இழுத்தாள்.

"அம்மா, அம்மா! பாட்டியும் சுத்தறா."

"எங்கேடி?"

"சமையலுள்ளே. காமாட்சி விளக்கைத் தரையிலே வச்சுண்டு பாட்டி மாத்திரம் தனியா சுத்தறா. நானும் சுத்தட்டுமான்னு கேட்டேன். சரின்னா. ஆனா பாட்டி ஏன் இங்கே வரலை?"

"சம்பிரதாயம் இல்லை. சும்மா இரு."

"சம்பிரதாயம்னா என்னம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

உற்சவம் முடிந்து எல்லாரும் போன பிறகு, மாமியார் வெற்றிலைத் தட்டை ஒழுங்கு பண்ணிக் கொண்டே கேட்டார். "ஏண்டி, உங்கம்மா கூடத்துப் பக்கமே வரலையே, உடம்பு சரியில்லையா? தரங்கத்துலே ஒரு சரணம் யாருக்கும் பாடாந்தரம் சரியா வரலை. அவளுக்குத் தெரிஞ்சிருக்குமே, எடுத்துக் கொடுப்பாளேன்னு பார்த்துண்டே இருந்தேன்."

"இல்லேம்மா... சம்பிரதாயம்னு நான்தான்..."

"நான் சொன்னேனா?" என்றார் மாமியார். அவர் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. "முத்துக்குத்தலுக்குச் சுமங்கலியைக் கூப்பிடறது வேறே. பாட்டுக்கும் பகவான் நாமத்துக்கும் யாரு வேண்டாம்னா?"

முத்துக்குத்தலில் மட்டும் அந்தப் பிரிவினை ஏன் என்று கேட்க அவருக்கும் அன்று தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆனால் என்னைப் படுக்க விடாமல் குடைந்தது வேறு விஷயம். யாருமே சொல்லாத ஒரு தடையை, பெற்ற தாய்க்கு நானாகவே போட்டிருக்கிறேன்! 'சம்பிரதாயம்' என்ற ஒரு வார்த்தை கையில் இருந்ததால் எனக்கு அது எவ்வளவு சுலபமாகப் போயிற்று!

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற சம்ஸ்கிருத ஆசிரியர் ஒருவர் இருந்தார். மாமா என்றுதான் கூப்பிடுவோம். மறுவாரம் பெண்ணை அழைத்துக் கொண்டு போய், "மாமா, இவ கேட்கிற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கோ" என்றேன்.

மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் தட்டில் இருந்த கல்கண்டை எடுத்துக் குழந்தையின் கையில் வைத்தார்.

"இதுதான் சம்பிரதாயம்" என்றார்.

"கல்கண்டா?"

"கல்கண்டு இல்லே. கொடுக்கிறது! 'தா'ங்கிறது சம்ஸ்கிருதத்திலே கொடுக்கிறதுக்கு வேர்ச்சொல். தானம், தாதா எல்லாம் அதிலேர்ந்து வந்ததுதான். 'தாய'ம்னா கொடுக்கப்பட்டது, பரம்பரைச் சொத்து. நாம 'தாயாதி'ன்னு சொல்றோமே, சொத்திலே பங்கு வாங்கிக்கிறவன்னு அர்த்தம், அதே தாயம்தான். இதுக்கு முன்னாடி 'ஸம்', 'ப்ர'ன்னு ரெண்டு சேர்த்திருக்கு. ஸம்னா நன்னா, முழுசா. ப்ரன்னா முன்னாலே, மேற்கொண்டு. ஆக, சம்பிரதாயம்னா, நன்னா, முழுசா, அடுத்தவா கையிலே கொடுத்துட்டுப் போறது."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை.

மாமா விடாமல் சொன்னார். "வியாகரணத்திலே நாலாம் வேற்றுமை இருக்கே, 'குழந்தைக்குக் கொடு'ன்னா அந்த 'கு', அதுக்குரிய காரகத்துக்குப் பேரே சம்பிரதானம். அதாவது, யாருக்குக் கொடுக்கறோமோ அந்த ஆள். வாங்கிக்கிறவா ஒருத்தர் இருந்தாத்தான் அந்த வார்த்தையே நிக்கும். ஒருத்தருக்குக் கொடுக்காம இருக்கிறதுக்கு சம்பிரதாயம்னு எப்படிப் பேர் வைக்க முடியும்?"

வீட்டில் நாம் போட்டுக் குழப்பிக் கொள்கிற மற்ற வார்த்தைகளையும் அன்று அவர் பிரித்துக் காட்டினார். ஆசாரம் என்றால் நடத்தை, நடந்து கொள்கிற முறை. பரம்பரை என்றால் ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வருகிற வரிசை. ஐதிகம் என்பது 'இதி ஹ' என்பதிலிருந்து வந்தது. 'இப்படித்தானாம்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டது. வழக்கம் நம் தமிழ்ச் சொல், பழகிப் போனது. இவை நான்கும் வேறு, சம்பிரதாயம் வேறு. பழகிப் போனதையும், கேள்விப்பட்டதையும், பயந்து செய்வதையும் நாம்தான் ஒரே மூட்டையாகக் கட்டி, அதன் மேல் சம்பிரதாயம் என்று சீட்டு ஒட்டி விடுகிறோம்.

போதாததற்கு, 'சம்பிரதாயத்துக்கு ஒரு வார்த்தை கேட்டாள்', 'சம்பிரதாயமா வந்துட்டுப் போனான்' என்கிறோம். மனசில்லாமல் ஒப்புக்குச் செய்வது என்று அர்த்தம்! முழுமனசோடு கொடுப்பது என்று பிறந்த சொல், நம் வாயில் அடிபட்டு அடிபட்டு, நேர் எதிரான அர்த்தத்துக்கு வந்து நிற்கிறது பாருங்கள்.

இந்தச் சொல்லுக்குப் பக்தி உலகத்தில் இருக்கிற இடம் மிகப் பெரியது. வைஷ்ணவத்தில் நான்கு சம்பிரதாயங்கள் என்பார்கள். ராமானுஜர் வழி வந்தது ஸ்ரீ சம்பிரதாயம். மத்வருடையது பிரம்ம சம்பிரதாயம். விஷ்ணுஸ்வாமியுடையது ருத்ர சம்பிரதாயம். நிம்பார்க்கருடையது சனகாதி சம்பிரதாயம். ஸ்ரீ என்றால் யார்? சாக்ஷாத் மகாலக்ஷ்மி. பெருமாளிடமிருந்து முதன்முதலில் உபதேசம் வாங்கிக் கொண்டவள் தாயார். அவளிடமிருந்து விஷ்வக்சேனர், பிறகு நம்மாழ்வார், நாதமுனிகள் என்று அந்தக் குருபரம்பரை இறங்கி வருகிறது. வாங்கி, அடுத்தவருக்குக் கொடுத்த முதல் கை ஒரு பெண்ணின் கை என்பதை நாம் எத்தனை பேர் யோசித்துப் பார்த்திருக்கிறோம்?

ராமானுஜர் திருக்கோஷ்டியூர் கதை எல்லாருக்கும் தெரியும். ரகசிய அர்த்தத்தைத் தெரிந்து கொள்ள நம்பியிடம் பதினெட்டு தடவை நடந்தார். கிடைத்ததும் என்ன செய்தார்? கோயில் மேல் ஏறி நின்று, ஆசைப்பட்ட அத்தனை பேருக்கும் சொல்லி விட்டார். குருவின் கட்டளையை மீறினால் நரகம் வருமே என்றதற்கு, இத்தனை பேர் கரையேற நான் ஒருத்தன் நரகம் போனால் போகிறேன் என்றாராம். இதைக் கேட்டு நம்பியே அவரை அணைத்துக் கொண்டார் என்று குருபரம்பரைக் கதை சொல்கிறது.

நம் தென்னாட்டு பஜனை சம்பிரதாயமும் இப்படித்தான். ஜயதேவர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிழக்கே பாடின கீத கோவிந்தமும், பத்ராசலத்துத் தெலுங்கும், புரந்தரதாஸரின் கன்னடமும், பண்டரிபுரத்து மராத்தியும் கும்பகோணத்துத் திண்ணையில் ஒன்றாகச் சேர்ந்தது எப்படி? கொடுக்கிறவர் என்ன பாஷை என்று யாரும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு பத்ததியாகக் கோத்து ஒழுங்கு பண்ணினவர் மருதாநல்லூர் சத்குரு ஸ்வாமிகள். நாமத்தைச் சொல்ல ஆண், பெண், ஜாதி, காலம், இடம் எதுவும் தடை இல்லை என்பதுதான் போதேந்திராளின் நாம சித்தாந்தத்துக்கே அஸ்திவாரம். திவ்யநாமம் முடிந்ததும் பாகவதர்கள், வயசு அந்தஸ்து பாராமல் ஒருவர் காலில் ஒருவர் விழுந்து நமஸ்காரம் பண்ணிக் கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். நானும் வருஷா வருஷம் பார்த்தவள்தான். பார்த்து என்ன பிரயோசனம்?

அந்த வருஷம் கோடை லீவு விட்டதும் குழந்தையைக் கூட்டிக் கொண்டு ஊருக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு நாள் வளைய வந்தேன். மூன்றாம் நாள், "அம்மா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

அம்மா கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "கோபம் எல்லாம் இல்லைடி. ஊர் சொன்னா பரவாயில்லை. நீ சொன்னியா, அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை" என்றாள்.

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மறுநாள் எங்கள் இருவரையும் திருவிசநல்லூருக்கு அழைத்துப் போனாள். 1693-இல் தஞ்சை மராட்டிய மன்னர் சாஹஜி, பண்டிதர்கள் பலருக்கு மானியமாகக் கொடுத்து, சாஹஜிராஜபுரம் என்று பேர் வைத்த ஊர் அது. ஐயாவாளின் வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து, அம்மா தன் பேத்திக்குக் கதை சொன்னாள்.

ஐயாவாள் வீட்டில் சிராத்தம். பிராமணர்கள் வருவதற்கு முன்னால், ஒடுக்கப்பட்ட குலத்தைச் சேர்ந்த ஒருவன் பசி தாங்காமல் வாசலில் வந்து நின்றான். ஐயாவாள் யோசிக்கவே இல்லை. சிராத்தத்துக்கென்று சமைத்ததை எடுத்து அவனுக்குப் போட்டு விட்டார். வந்த பிராமணர்கள், ஆசாரம் கெட்டு விட்டது, கங்கையில் ஸ்நானம் பண்ணி விட்டு வந்தால்தான் ஆயிற்று என்றார்கள். கங்கை எங்கே, திருவிசநல்லூர் எங்கே! ஐயாவாள் மனமுருகிப் பாட, கங்கை அந்தக் கிணற்றிலேயே பொங்கி வந்தாளாம். அது கார்த்திகை அமாவாசை. இன்றைக்கும் அந்த நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து அந்தக் கிணற்று நீரில் ஸ்நானம் செய்கிறார்கள்.

"பசிக்கிறவாளுக்குப் போட்டதுக்காக கங்கையே வந்தாளே, அப்போ சம்பிரதாயம் யார் பக்கம்?" என்று அம்மா கேட்டாள்.

"கொடுத்தவா பக்கம்!" என்றாள் என் பெண், கல்கண்டு வாங்கின ஞாபகத்தில்.

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. 1978-இல் இவள் பிறந்தபோது, முதல் பாலை நான் குழந்தைக்குக் கொடுக்கப் போனேன். வந்திருந்த பெரியவள் ஒருத்தி, "சீம்பாலைக் கொடுக்கப்படாது, பீச்சிக் கொட்டு. மூணு நாள் சர்க்கரைத் தண்ணி கொடு. அதுதான் நம்மாத்து சம்பிரதாயம்" என்றாள். எப்போதும் வாயே திறக்காத அம்மா அன்று நிமிர்ந்து நின்று, "பசிக்கிற குழந்தைக்குக் கொடுக்காதேன்னு எந்த சம்பிரதாயம் சொல்லும்? நீ கொடுடி!" என்றாள். அந்த தைரியம் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கிணற்றடியில்தான் எனக்குப் புரிந்தது. தனக்கென்று வந்தபோது சிரித்துக் கொண்டே அருவாமணையை எடுத்தவள், குழந்தைக்கென்றால் ஐயாவாளைத் துணைக்கு அழைத்துக் கொண்டு விட்டாள்!

இளந்தாய்மார்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகச் சுரக்கிற அந்தச் சீம்பாலில்தான் நோயை எதிர்க்கிற சத்துகள் நிறைந்திருக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எல்லாம் கிட்டவே வரக் கூடாது. பிள்ளை பெற்றவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் வாட்டுவது, கர்ப்பிணியைப் பட்டினி விரதம் இருக்கச் சொல்வது, இவையும் அதே கணக்குதான். சர்க்கரை வியாதிக்காரர்களும் விரதத்துக்கு முன் டாக்டரைக் கேட்டுக் கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் சம்பிரதாயம் என்று எதையாவது சொன்னால், உடனே சண்டைக்குப் போக வேண்டாம். 'இது யாருக்கு எதைக் கொடுக்கிறது?' என்று மனசுக்குள் கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் சந்தோஷமாகச் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

அந்த லீவு முழுக்க அம்மா என் பெண்ணை மடியில் போட்டுக் கொண்டு, தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துப் பாடம் சொன்னாள். அர்த்தம் தெரியாமலே குழந்தை தெலுங்கில் வெளுத்துக் கட்டியது. ஊருக்குக் கிளம்புகிற அன்று, நோட்டை மஞ்சள் பையில் போட்டு, பேத்தியின் கையிலேயே கொடுத்தாள். என் கையில் கொடுக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது; ஆனால் நியாயம்தான்.

1985 தை மாதம் மாமியாரே அம்மாவுக்குக் கடிதம் எழுதி வரவழைத்தார். அம்மா வந்தாள். "கூடத்துக்கு வாம்மா" என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். "வேண்டாண்டி, எனக்குப் பழகிப் போச்சு" என்றாள். பத்து வருஷத்துப் பழக்கத்தை ஒரு நாளில் மாற்றி விட முடியுமா? கடைசியில் மாமியார் சமையலுள் வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்து, தானும் அங்கேயே உட்கார்ந்து விட்டார். "நான் எங்கேயோ, நீங்களும் அங்கேதான் சம்பந்தி" என்றார். தரங்கம் வந்தபோது போன வருஷம் தடுக்கின அதே சரணம். அம்மா மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். பாகவதர் பாட்டை நிறுத்தாமலே அந்தப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். திவ்யநாமத்தின்போது என் பெண் வந்து பாட்டியின் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்கு அம்மா எழுந்து விட்டாள்.

ஊரே மாறி விட்டது என்று நான் எழுதப் போவதில்லை. மறுநாள் முத்துக்குத்தலுக்கு உலக்கை பிடிக்கச் சுமங்கலிகளைத்தான் கூப்பிட்டார்கள். அம்மா தூர நின்று பார்த்தாள். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை. 1993-இல் அம்மா போய் விட்டாள்.

2002-இல் என் கணவர் காலமானார். 2005-இல் என் பெண்ணுக்கு வளைகாப்பு. மனை போட்டு, கோலம் போட்டு, சம்பந்திகள் எல்லாரும் வந்து விட்டார்கள். யார் சொல்லியும் அல்ல. என் கால் தானாகவே பின்னால் போய், கதவோரத்தில் நின்று கொண்டது. கண்ணாடி வளையல் தட்டைக் கையில் வைத்துக் கொண்டு என் பெண் சுற்று முற்றும் பார்த்தாள்.

"அம்மா, வா. முதல் வளையல் நீதான் போடணும்."

"நான் எதுக்குடி... மாமியை முதல்லே போடச் சொல்லு. சம்பிரதாயம்..."

என் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்து விட்டது!

அவள் மனையை விட்டு எழுந்து, நிறை வயிற்றோடு நேரே என்னிடம் வந்து நின்றாள்.

"சம்பிரதாயம்னா என்னம்மா?" என்றாள்.

ஆறு வயதில் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை அவளுக்கும் பதில் தெரியும், எனக்கும் தெரியும். அவளுடைய மாமியார் சிரித்துக் கொண்டே தட்டை என் பக்கம் நீட்டினார். கை நடுங்கியது. பச்சை வளையல் ஒன்றை எடுத்துப் பெண்ணின் கையில் போட்டேன்.

தாத்தாவின் நோட்டு இப்போது என் பேத்தியிடம் இருக்கிறது. ஓரமெல்லாம் பொடிந்து போனதால் வேறு நோட்டில் நகல் எடுத்திருக்கிறாள். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே, யாரிடம் கற்றது என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். முதல் பக்கத்தில், 'கொள்ளுப் பாட்டி, சமையலுள்ளில் காமாட்சி விளக்கைச் சுற்றிப் பாடியது' என்று எழுதியிருக்கிறாள்.